கீழ்வீட்டுக்கு மூன்று தட்டு

எனக்குக் கோபம் வந்தால் பூண்டு இடிப்பேன். சொன்னால் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும். டெக்சாஸில் ஆலன் என்ற ஊரில், மனைவியின் விசாவோடு ஒட்டிக்கொண்டு வந்து இறங்கி, வேலைக்குப் போக அனுமதி இல்லாமல், பாப்பாவைப் பார்த்துக்கொண்டு நாள் முழுக்க அபார்ட்மெண்டில் கிடக்கிறவனுக்கு வேறு என்ன வழி? கரூரிலிருந்து வரும்போது பெட்டியில் சட்டைகளுக்கு நடுவே சுற்றி ஒரு இடிகல்லையும் அதன் குழவியையும் கொண்டுவந்திருந்தேன். பழைய துண்டை மடித்துத் தரையில் போட்டு, மேலே கல்லை வைத்து, சம்மணம் போட்டு உட்கார்ந்து ணங் ணங்கென்று போடுவேன். மிக்ஸியில் அடித்தால் அந்த வாசம் வராது. என் மனமும் ஆறாது.

நாங்கள் இருந்தது மாடி வீடு. எங்கள் தரைதான் கீழ்வீட்டுக்குக் கூரை. இந்த ஊர் அபார்ட்மெண்டுகளை மரத்தாலும் அட்டையாலும் கட்டுகிறார்கள் என்பது எனக்கு அப்போது தெரியாது. குடிவந்த மூன்றாம் நாள் நான் இடித்துக்கொண்டிருக்க, கீழேயிருந்து டொக் டொக்கென்று பதில் வந்தது. யாரோ துடைப்பக் கட்டையால் கூரையை இடிக்கிறார்கள். எனக்குச் சுர்ரென்று ஏறியது. வேண்டுமென்றே இன்னும் நாலு போட்டேன்.

கீழே இருந்தவர் எழுபதை நெருங்கிய ஒரு மெக்சிகோ அம்மா. கணவர் காலமாகிவிட்டார், ஒரே மகள் ஹூஸ்டனில். நம் வழக்கப்படி நான் அவரை ஆன்ட்டி என்றேன். அவர் என்னை ‘மீஹோ’ என்பார். மகனே என்று அர்த்தமாம். திட்டும்போதும் அப்படித்தான் கூப்பிடுவார், அது இன்னும் எரிச்சலாக இருக்கும். எங்கள் இருவருக்குமே ஆங்கிலம் இரவல் மொழிதான். அதனால் அவர் பேசியதைத் தமிழிலேயே எழுதிவிடுகிறேன்.

அந்த வருஷம் மே ஐந்தாம் தேதி மனைவியின் ஆபீஸில் எல்லோரும் அகலத் தொப்பி போட்டுக்கொண்டு சிப்ஸ் தின்றார்களாம். ‘மெக்சிகோவுக்கு இன்னைக்கு இண்டிபெண்டன்ஸ் டே’ என்று டீமில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவள் அதை எனக்கு மெசேஜ் அனுப்ப, சரி, சண்டையை முடித்துக்கொள்ள நல்ல நாள் என்று கேசரி கிண்டி எடுத்துக்கொண்டு கீழே போனேன். பல்லெல்லாம் தெரிய வாழ்த்துச் சொன்னேன்.

ஆன்ட்டி தட்டை வாங்கிக்கொண்டார். “இன்னைக்கு இல்ல, மீஹோ. இது பியூப்ளாங்கிற ஊர்ல பிரெஞ்சுப் பட்டாளத்தை நாங்க ஓட ஓட விரட்டின நாள். அந்த ஊரைத் தவிர அங்க யாரும் இதைப் பெருசா கொண்டாட மாட்டாங்க. இங்கதான் பீர் விக்கறதுக்காகத் தொப்பி போட்டு விடறாங்க. எங்க சுதந்திரம் செப்டம்பர் பதினாறு. அன்னைக்கு வா, சொல்றேன்.”

மூக்கறுபட்டு மேலே வந்தேன். அந்த மாலையும் பூண்டு இடித்தேன்.

ஆனாலும் செப்டம்பரில் போனேன். பாப்பாவுக்கு அப்போது ஒன்றரை வயது. கீழ்வீட்டுத் தின்பண்டங்களின் மேல் அவளுக்கு ஒரு கண். ஆன்ட்டி தன் வீட்டுப் பின்புறத் திறந்த திண்ணையான பேட்டியோவின் கம்பியில் பச்சை, வெள்ளை, சிவப்பில் ஒரு கொடியைக் கட்டியிருந்தார். எங்கள் பால்கனிக்கு நேர் கீழே இருந்தது அந்தப் பேட்டியோ. பாப்பா கையில் ஒரு இனிப்பு ரொட்டியைக் கொடுத்துவிட்டு, என்னை நாற்காலியில் உட்காரவைத்துக் கதையைத் தொடங்கினார்.

ஸ்பெயின்காரர்கள் முந்நூறு வருஷம் ஆண்டுகொண்டிருந்த காலம் அது. ஆயிரத்து எண்ணூற்றுப் பத்து. ஆன்ட்டியின் சொந்த ஊரான கெரேத்தாரோவில் சில பேர், புத்தகம் படிக்கக் கூடுகிறோம் என்று சொல்லிக்கொண்டு புரட்சிக்குத் திட்டம் போட்டிருக்கிறார்கள். அந்தக் கூட்டத்தில் ஊர்த் தலைமை அதிகாரியின் மனைவியும் ஒருத்தி. திட்டம் வெளியே கசிந்துவிட்டது. வீடு வீடாகச் சோதனை போட வேண்டியவர் யார் என்றால், அவள் புருஷனேதான். மனைவி வாயைத் திறந்தால் அவள் தலையும் போகும், தன் தலையும் போகும் என்று பயந்து, அவளை மாடி அறைக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, சாவியோடு கிளம்பிவிட்டார்.

“அந்த அறைக்கு நேர் கீழ சிறைக் காவலாளி குடியிருந்தான். அவனும் இவங்க ஆளுதான். ஆபத்துன்னா மூணு தட்டுன்னு முன்னாடியே பேசி வச்சிருந்தாங்க. அவ செருப்புக் குதிகாலால தரையை மூணு தடவை தட்டினா.” ஆன்ட்டி தன் காலால் தட்டிக் காட்டினார். “அவன் மேல ஓடி வந்தான். சாவித் துவாரம் வழியா விஷயத்தைச் சொன்னா. அவன் குதிரையில கிளம்பினான். சேதி கைமாறி தொலோரெஸ்ங்கிற ஊர்ப் பாதிரியார்கிட்ட போய்ச் சேர்ந்தது. இனிமே காத்திருக்க நேரமில்லைன்னு அவர் விடியக்காலையில கோயில் மணியை அடிச்சு ஜனங்களைக் கூட்டினார். அதுதான் செப்டம்பர் பதினாறு. நாடு முழுக்க அந்த மணியைத்தான் கொண்டாடுது. எங்க ஊர்க்காரங்க மட்டும் அந்தக் குதிகாலைச் சொல்லுவோம்.”

“கீழ இருந்தவன் தூங்கிட்டிருந்தா என்ன ஆயிருக்கும் ஆன்ட்டி?”

“அதானே! நாமளும் அப்படி வச்சுக்குவோம். எனக்கு ஒண்ணுன்னா நான் மூணு தட்டறேன், நீ வா. உனக்கு ஒண்ணுன்னா நீ தட்டு, நான் வரேன். சரியா?”

நான் நம் ஊர்ப் பாணியில் தலையை இப்படியும் அப்படியுமாக ஆட்டினேன். அந்த ஆட்டலுக்கு ஆமாம் என்றும் அர்த்தம், பார்க்கலாம் என்றும் அர்த்தம், பேச்சை முடிப்போம் என்றும் அர்த்தம். என் தலை அன்று ஆமாம் சொல்லவில்லை. அவர் அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டார்.

அடுத்த வருஷம் பிப்ரவரியில், அபார்ட்மெண்டை வாடகைக்கு விடும் லீசிங் ஆபீஸிலிருந்து கடிதம் வந்தது. எங்கள் வீட்டிலிருந்து தொடர்ந்து சத்தம் வருவதாகப் புகாராம். இன்னொரு புகார் வந்தால் லீஸைப் புதுப்பிக்க மாட்டார்களாம். யார் புகார் செய்தது என்று எழுதவில்லை. எழுத வேண்டுமா என்ன? ரொட்டியையும் கொடுத்துக் கதையையும் சொல்லிவிட்டு, முதுகுக்குப் பின்னால் இந்த வேலையா என்று எனக்குக் கொதித்தது.

“ஏனுங்க, அவங்கதான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? போய்க் கேளுங்க,” என்றாள் மனைவி.

“கேக்கறதுக்கு என்ன இருக்கு? கட்டையை வச்சுத் தட்டறது யாரு? பக்கத்து வீட்டுக்காரனா?”

“ஸ்ட்ரெஸ்ஸை எல்லாம் அந்தக் கல்லுல காட்டாதீங்க. கிச்சன் மேடை மேல வச்சு இடிச்சா என்னவாம்?”

கேட்கவில்லை. ஆன்ட்டியோடு பேச்சையே நிறுத்திக்கொண்டேன். மெயில் பாக்ஸ் பக்கம் எதிரே வந்தால் போனைப் பார்த்துக்கொண்டு நடப்பேன். ஆன்ட்டி “மீஹோ” என்று தொடங்குவார். நான் காதில் எதையாவது மாட்டியிருப்பேன்.

ஜூலையில் ஒரு நாள் பகல். பாப்பா தூங்கிக்கொண்டிருந்தாள். நான் தரையில் உட்கார்ந்து மிளகு இடித்துக்கொண்டிருந்தேன். கீழேயிருந்து டொக், டொக், டொக். சற்று நேரம் கழித்து மறுபடியும் டொக், டொக், டொக். குழந்தை தூங்குகிற நேரத்தில் என்ன திமிர்! குழவியைக் கல்லிலிருந்து எடுத்து நேராகத் தரையிலேயே போட்டேன், என் பலத்தையெல்லாம் கூட்டி. பாப்பா அலறிக்கொண்டு எழுந்தாள். கீழே சத்தம் நின்றுவிட்டது. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

அன்று சாயங்காலம் மூவரும் கடைக்குப் போய்விட்டு இருட்டிய பிறகுதான் வந்தோம். அதன்பின் மூன்று வாரம் கீழ்வீட்டில் விளக்கில்லை. மகள் வீட்டுக்குப் போயிருப்பார், நிம்மதி என்று இஷ்டத்துக்கு இடித்தேன். ஆகஸ்டில் அவர் திரும்பி வந்தபோது கையில் ஊன்றுகோல் இருந்தது. ஒரு காலை இழுத்து இழுத்து நடந்தார். “ஒரு எட்டுப் போய்ப் பாத்துட்டு வாங்க” என்று மனைவி நாலைந்து முறை சொன்னாள். போகவில்லை. வயசானால் கால் வலிக்கத்தான் செய்யும் என்றேன்.

இப்போது அந்தப் பால்கனிக்கு வருகிறேன். இதை எழுத எனக்குக் கை ஓடவில்லை.

ஆலனில் செப்டம்பரிலும் வெயில் கொளுத்தும். அந்த வெயிலை வீணாக்க எனக்கு மனம் வரவில்லை. ஜவ்வரிசி வத்தல் ஊற்றியிருந்தேன். பால்கனியில் எதையும் காயப்போடக் கூடாது என்பது லீஸில் எழுதியிருக்கிற விதி. அதனால் வேட்டியைத் தரையோடு தரையாக விரித்து, காற்றில் பறக்காமல் ஒரு மூலைக்கு இடிகல், எதிர் மூலைக்குக் குழவி என்று வைத்திருந்தேன். மூன்றாம் நாள் பகல் பதினோரு மணி. நன்றாகக் காய்ந்துவிட்டதா என்று ஒன்றைப் பொரித்துப் பார்க்க, வாணலியில் எண்ணெய் ஊற்றி எலக்ட்ரிக் அடுப்பை முழு சூட்டில் வைத்தேன். ஒரே ஒரு வத்தல் எடுத்து வரத்தான் பால்கனிக்குப் போனேன். ஏசி குளிர் போய்விடுமே என்று கண்ணாடிக் கதவை இழுத்துச் சாத்தினேன்.

பின்னால் க்ளிக் என்று ஒரு சத்தம்.

திரும்பினால், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பாப்பா நின்றுகொண்டிருந்தாள். கை தாழ்ப்பாளில். முகமெல்லாம் சிரிப்பு. “லாக்!” என்றாள்.

“பாப்பா, தொறடா தங்கம். அந்தக் குட்டிக் கைப்பிடி இருக்குல்ல, அதை மேல தள்ளு.”

“அப்பா அவுட்சைட்!” என்று கைகொட்டினாள்.

போன் சோபாவில் கிடந்தது. வாசல் கதவை நான்தான் உள்ளே பூட்டியிருந்தேன். கண்ணாடி வழியாகச் சமையலறை நேராகத் தெரிந்தது. வாணலியின் விளிம்பில் லேசாகப் புகை.

சரி, புகை வந்தால் அலாரம் அடிக்கும், யாராவது வருவார்கள் என்று ஒரு நொடி நினைத்தேன். அடுத்த நொடியே ஞாபகம் வந்தது. அலாரத்தை வாயடைத்து வைத்திருந்தவன் நான்தான். கடுகு தாளித்தால் கத்தும், மிளகாய் வறுத்தால் கத்தும். அதனால் ஹோட்டலில் கொடுக்கிற பிளாஸ்டிக் ஷவர் தொப்பி ஒன்றை எடுத்து அதன் தலையில் மாட்டிவிட்டேன். இந்த ஊரில் நம்மவர் பல வீடுகளில் அலாரம் தொப்பியோடுதான் இருக்கும். பார்ட்டிகளில் இதைச் சொல்லிச் சிரித்திருக்கிறோம்.

கத்தினேன். தொண்டை கிழியக் கத்தினேன். தூரத்தில் புல் வெட்டுகிறவர்கள் இலை ஊதும் மெஷினை ஓட்டிக்கொண்டிருந்தார்கள். என் குரல் எனக்கே கேட்கவில்லை. ஆபீஸ் நேரம், கார் நிறுத்துமிடமே காலி.

குழவியைக் கையில் எடுத்தேன். ஒரே போடு போட்டால் கண்ணாடி போய்விடும். ஆனால் பாப்பா மூக்கை நசுக்கிக்கொண்டு கண்ணாடியோடு ஒட்டி நிற்கிறாள். நான் கையை ஓங்கியதும் அதற்கு நேராகத் தன் உள்ளங்கையை வைத்தாள். விளையாட்டு என்று நினைத்துவிட்டாள். “தள்ளிப் போ! போ அந்தப் பக்கம்!” என்று அதட்டினேன். உதடு பிதுங்கி, அழுதுகொண்டு இன்னும் ஒட்டினாள். சுவரோரம் ஒளிந்தால் போவாள் என்று ஒளிந்தேன். என்னைத் தேடிக் கன்னத்தைக் கண்ணாடியில் வைத்து அழுத்தினாள். அவள் தலைக்குப் பின்னால் புகை தடிமனாகிக்கொண்டிருந்தது.

என்ன செய்வது என்று தெரியாமல் குழவியால் பால்கனித் தரையை இடித்தேன். ணங் ணங் ணங் ணங் என்று வெறி பிடித்த மாதிரி. கீழேயிருந்து ஒரு அசைவும் இல்லை. எப்படி இருக்கும்? ஒன்றரை வருஷமாக தினமும் இடிக்கிறவன். இன்றைக்கும் கிறுக்கன் தொடங்கிவிட்டான் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆத்திரத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே எட்டிப் பார்த்தேன். பேட்டியோ கம்பியில் பச்சை, வெள்ளை, சிவப்பு. செப்டம்பர் வந்துவிட்டதால் ஆன்ட்டி கொடியைக் கட்டியிருந்தார்.

அப்போதுதான் எனக்கு அந்தக் குதிகால் ஞாபகம் வந்தது.

மண்டியிட்டேன். மூன்று தட்டு. நிறுத்தினேன். மறுபடி மூன்று. மறுபடி நிறுத்தினேன். மூன்றுக்கு மேல் ஒன்று கூடிவிடக் கூடாதே என்று வாய்விட்டு எண்ணினேன். மூன்றாம் சுற்றில் கீழே கதவு இழுபடும் ஓசை கேட்டது.

“மீஹோ?” ஆன்ட்டி ஊன்றுகோலோடு வெளியே வந்து அண்ணாந்து பார்த்தார்.

“அடுப்புல எண்ணெய்! பாப்பா உள்ள! கண்ணாடியை விட்டு நகர மாட்டேங்கறா, உடைக்க முடியல!”

ஒரு கேள்வி கேட்கவில்லை அவர். மடமடவென்று ஏதோ ஸ்பானிஷில் சொல்லிக்கொண்டு உள்ளே திரும்பினார். ஃபயர் சர்வீஸுக்குப் போன் செய்கிற குரல் கேட்டது. பிறகு அவரே என்னிடம் கத்தினார்: “வாசல்ல போய்த் தட்டறேன். தட்டினா குழந்தை அங்க ஓடும். நீ தயாரா இரு!”

எனக்கு ஏன் இது தோன்றவில்லை! கதவு தட்டினால் பாப்பாவுக்குப் பார்சல் என்று அர்த்தம். விழுந்தடித்துக்கொண்டு ஓடுவாள். ஆனால் வாசல் கட்டிடத்தின் மறுபக்கம். அவர் சுற்றிக்கொண்டு போய் மாடிப்படி ஏற வேண்டும். படி பதினேழு. ஒரு காலை இழுத்து நடக்கிறவர்.

அந்த நேரத்தை எப்படிச் சொல்வது? கண்ணாடியில் பாப்பாவின் மூச்சு வட்டமாகப் படிந்து படிந்து மறைந்தது. அவள் இருமத் தொடங்கினாள். நான் சிரித்த முகத்தோடு அவளுக்கு வேடிக்கை காட்டிக்கொண்டிருந்தேன், குழவியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு. வாணலியில் ஒரு நாக்கு நெருப்பு எழும்பி அடங்கியது. இன்னும் பத்து எண்ணுவேன், அதற்குள் தட்டல் வராவிட்டால் அவள் கை போனாலும் பரவாயில்லை என்று உடைத்துவிடுவேன் என முடிவு செய்தேன். ஆறு எண்ணியிருப்பேன்.

பாப்பா சட்டென்று தலையைத் திருப்பினாள். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவளுக்குக் கேட்டுவிட்டது.

“பாக்ஸ்!” என்று கத்திக்கொண்டு வாசலைப் பார்த்து ஓடினாள்.

அடித்தேன். முதல் அடிக்கு வெடிப்புதான் விட்டது. இரண்டாவதுக்குக் கண்ணாடி பொலபொலவென்று கொட்டியது. வெறுங்காலோடு அதன் மேலேயே ஓடினேன். அடுப்பை அணைப்பதற்குள் வாணலி குப்பென்று பற்றிக்கொண்டது. குக்கர் மூடியை எடுத்து அதன் மேல் கவிழ்த்தேன். மணிக்கட்டில் சுட்டது பிறகுதான் தெரிந்தது. பாப்பாவை அள்ளிக்கொண்டு கதவைத் திறந்தேன்.

ஆன்ட்டி கடைசிப் படியில் உட்கார்ந்து, எட்டிக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார். நிற்க முடியவில்லை அவரால். ஊன்றுகோல் எங்கோ கீழே உருண்டு கிடந்தது. முகம் வெளுத்து, மூச்சு இரைத்தது.

“குழந்தை?” என்றார்.

பாப்பா அவரைச் சுற்றி எட்டிப் பார்த்து, “நோ பாக்ஸ்?” என்றாள். நான் அங்கேயே, படியிலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதேன். வெட்கமெல்லாம் இல்லை.

ஃபயர் வண்டி வந்து, புகையை வெளியேற்றி, என் காலுக்குக் கட்டுப் போட்டார்கள். ஒருவர் அலாரத்திலிருந்து ஷவர் தொப்பியைக் கழற்றி என் கண் முன்னால் தூக்கிக் காட்டினார். நாலு அறை கொடுத்திருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

அவர்கள் போனபின் ஆன்ட்டியைக் கைத்தாங்கலாகக் கீழே கூட்டிவந்தேன். ஒவ்வொரு படியிலும் நின்றார். அவர் வீட்டுக்குள் நான் ஒரு வருஷத்துக்குப் பிறகு நுழைகிறேன். சமையலறையில் நாற்காலியில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தேன். பாப்பா ரொட்டி டப்பாவைத் தேடிப் போய்விட்டாள். அந்தக் கடிதத்தைப் பற்றி அன்றும் நான் கேட்கவில்லை, அதற்கப்புறமும் கேட்கவில்லை.

“தினமும்தான் இடிக்கிறேன். இன்னைக்கு மட்டும் எப்படி வெளிய வந்தீங்க?” என்றேன்.

“மூணுன்னா மூணுதானே, மீஹோ. நாம பேசி வச்சதாச்சே. நீ தலையாட்டினியே.”

எனக்குத் தலை தானாகக் குனிந்துகொண்டது. எதையாவது பேச வேண்டுமே என்று, காலுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டிய நாளெல்லாம் விட்டுவிட்டு அப்போது கேட்டேன்.

அவர் அடுப்பின் முன்னால் தரையைக் காட்டினார். “ஜூலையில இங்க விழுந்தேன். இடுப்பு எலும்பு முறிஞ்சுபோச்சு. எந்திரிக்க முடியல. துடைப்பம் கைக்கு எட்டிச்சு.”

நான் கூரையைப் பார்த்தேன். கட்டை பட்ட இடங்களில் வெள்ளைப் பூச்சு சின்னச் சின்னதாகப் பெயர்ந்திருந்தது. இந்த இடத்துக்கு நேர் மேலேதான் நான் துண்டை மடித்துப் போட்டு உட்காருவேன்.

“தட்டினேன்,” என்றார் ஆன்ட்டி. அவர் குரலில் கோபமே இல்லை. “நீ உடனே பதிலுக்குத் தட்டின. பலமாத் தட்டின. சரி, கேட்டுட்டான், வர்றான்னு நெனச்சேன். அதனாலதான் மறுபடி தட்டாம, சாயங்காலம் வரைக்கும் காத்துக்கிட்டே இருந்தேன்.”